சூரிய விளக்கிற்கு மாற்றுப் பற்றரி

சூரிய ஒளியைக்கொண்டு இரவில் விளக்கேற்றும் வீட்டில் முதலில் முதுமை எய்துவது எது என்று கேட்டால், கூரைமேல் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கண்ணாடிப் பலகையையே பலரும் சுட்டுவர். உண்மை அதுவன்று. நல்ல பலகையொன்று 20 ஆண்டு கழிந்த பின்னரும் தன் தொடக்க ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கையேனும் தரவல்லது. வீட்டின் மூலையில் நிழலில் அமர்ந்திருக்கும் பற்றரியே முதலில் தளர்கின்றது. தக்கதைத் தேர்ந்து பேணினால் அது ஐந்தாறு ஆண்டு உழைக்கும். தகாததைத் தேர்ந்தால் ஓராண்டிலேயே ஓய்ந்துவிடும். பலகையை ஒருமுறை வாங்குபவர் பற்றரியை மூன்று நான்கு முறை வாங்க நேர்கின்றது. அந்த இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாங்குவதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

மாத்தளை மாவட்டத்தை மனத்திற் கொண்டே பேசுகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. வடக்கே தம்புள்ளை, கலேவெல ஆகிய பகுதிகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, வெப்பத்துக்கும் குறைவில்லை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக மலையைக் கடந்து இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் நிலைமை வேறு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் மேகமும் மூடுபனியும் கவிந்து, நாட்கணக்கில் சூரியன் முகங்காட்டாதிருப்பதுண்டு. முன்னைய இடத்திற் பற்றரியைக் கொல்வது வெப்பம். பின்னைய இடத்திற் கொல்வது பசி. ஒரே மாவட்டத்துக்குள் இருவகை நோயையும் காணலாம்.

நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குத் தேசிய மின்வலையமைப்பு சென்று சேர்ந்துவிட்ட இக்காலத்தில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். சேனைக் காவற்குடிலுக்கும், காட்டோரத்துத் தனிவீட்டுக்கும், யானை வேலிக்கும் மின்கம்பி செல்வதில்லை. கம்பி சென்ற இடத்திலும் அது எந்நாளும் உயிரோடிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தாக்கியபோது மலையகச் சரிவுகளில் மண்ணோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. அத்தகைய இரவுகளிற் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும், ஒரு விளக்கை எரியவைக்கவும், எச்சரிக்கையை வானொலியிற் கேட்கவும் வீட்டிலுள்ள ஒரு சிறு பற்றரியே துணையாகின்றது.

நம்மிடையே பற்றரி என்ற சொல்லைக் கேட்டவுடன் மோட்டார் வாகனப் பற்றரியே நினைவுக்கு வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், மின்சாரமில்லாத ஊர்களிலும் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்தது. கார் பற்றரியொன்றை வாங்கி, அது தீர்ந்ததும் துவிச்சக்கர வண்டியில் வைத்துக் கட்டிச் சந்தியிலுள்ள கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றிவரும் வழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. பின்னர் உலக வங்கியின் உதவியுடன் 1997 முதல் 2002 வரை ஒரு திட்டமும், 2002 முதல் 2011 வரை அதன் தொடர்ச்சியான மற்றொரு திட்டமும் நடைபெற்றன. சர்வோதயத்தின் ‘சீட்ஸ்’ போன்ற கடன் நிறுவனங்களின் வாயிலாக, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்னமைப்புகள் கிடைத்தன. பலகை புதிது, விளக்குப் புதிது. ஆயினும் பற்றரி பழுதுற்று மாற்றவேண்டிய நாள் வந்தபோது கால்கள் பழைய கடையை நோக்கியே நடந்தன. அந்தப் பழக்கம் இன்றும் முற்றாக விடவில்லை.

கார் பற்றரி ஏன் ஆகாது? அது தரங்குறைந்த பொருள் என்பதனால் அன்று. அதற்குரிய தொழில் வேறு என்பதனால். எஞ்சினைத் திருப்பும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை வாரி வழங்குவதே அதன் கடமை. அதற்காக அதனுள் மெல்லிய ஈயத்தகடுகளைப் பலவாக அடுக்கியிருப்பர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் செலவழிந்த சிறுபங்கு உடனே நிரப்பப்பட்டுவிடும். விளக்குக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு: மாலை முதல் இரவு வரை சிறிது சிறிதாக, ஆனால் ஆழமாக எடுத்தல். இவ்வாறு நாள்தோறும் பாதிக்கு மேல் வடிந்து நிரம்பினால், மெல்லிய தகடுகளிற் பூசப்பட்ட ஈயப்பசை உதிர்ந்து அடியிற் படிகின்றது. ஓட்டப் பந்தய வீரனிடம் மூட்டை சுமக்கும் வேலையைக் கொடுத்தாற் போன்றது இது. சூரிய அமைப்புக்கென்றே செய்யப்படும் ஆழ்வடிப்புப் பற்றரிகளின் தகடுகள் தடித்தவை. அவற்றுள்ளும், நேர்த்தகட்டின் பசையைக் குழாய்களுக்குள் அடைத்துச் செய்யப்படும் ‘டியூபியுலர்’ வகை, பாதியளவு வடிப்பை ஆயிரம் முறைக்கு மேலும் தாங்கவல்லது.

எனினும் கடைக்குப் புறப்படுமுன் மற்றொரு வினாவுக்கு விடை காணவேண்டும். பழைய பற்றரி மெய்யாகவே மாண்டுவிட்டதா? விளக்கு ஒன்பது மணிக்கே அணைந்துவிடுகின்றது என்பது சான்றாகாது. எட்டாண்டுக்கு முன் பலகையைப் பொருத்தியபோது இடுப்பளவு நின்ற பலாக்கன்று இன்று கூரைக்கு மேல் கிளை பரப்பியிருக்கலாம். பலகையின் கலங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவையாதலால், ஒரு மூலையில் விழும் நிழலும் முழுப் பலகையின் விளைவை வெகுவாகக் குறைத்துவிடும். கிளையை வெட்டுவதற்குப் பதிலாகப் பற்றரியை வாங்கியவர் உளர். இன்னும் சிலரிடத்திற் குற்றம் முனைகளிற் பூத்த பச்சை உப்பிலேயே இருக்கும். வெந்நீரூற்றிக் கழுவி, சுரண்டித் துடைத்து, இறுக்கி முடுக்கினாற் போதும்.

ஒரு முழுநாள் நல்ல வெயிலில் நிரப்பிய பின், பலகையையும் விளக்குகளையும் கழற்றிவிட்டுச் சில மணிநேரம் பற்றரியை ஓய்வாக விடுங்கள். பின்னர் மீற்றரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ற்று ஈயப் பற்றரியில் ஏறக்குறைய 12.7 வோல்ற்று காட்டினால் அது நிறைந்திருக்கின்றது, 12.2 காட்டினாற் பாதி, 11.9க்குக் கீழெனில் வெறுமை. அப்பற்றரி, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்று அளவான ஆறு கலங்களால் ஆனது. ஆகவே, நாள்முழுதும் நிரப்பியும் பத்தரை வோல்ற்றைத் தாண்டவில்லையெனில் ஒரு கலம் இறந்துபோயிற்று என்று கொள்ளலாம். மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் நீரமானி இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து கலங்களில் அமிலத்தின் அடர்த்தி உயர்ந்தும் ஒன்றில் மட்டும் தாழ்ந்தும் இருந்தால், புதிய பற்றரி வாங்கவேண்டியதுதான். ஆறிலும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தாற் பசியே நோய். பலகையையும் கம்பிகளையும் முதலிற் கவனிக்கவேண்டும்.

இனி, எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும் என்பதைக் கணக்கிடுவோம். கணக்குக் கடினமன்று, ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும். 5 உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்று, நான்கு மணிநேரம் எரிந்தால் 60 உவாற்று-மணி. 5 உவாற்று வானொலி நான்கு மணிநேரம் பாடினால் 20. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 16. 20 உவாற்றுச் சிறு தொலைக்காட்சி இரண்டு மணிநேரத்துக்கு 40. கூட்டினால் ஓரிரவுச் செலவு 136 உவாற்று-மணி. இதனைப் பற்றரியின் 12 வோல்ற்றால் வகுத்தால் ஏறத்தாழ 11 அம்பியர்-மணி கிடைக்கும். சூரியன் இல்லாத ஒரு நாளையும் தாங்கவேண்டுமாதலால் இரண்டிரவுக்கு 22 அல்லது 23 என்று வைத்துக்கொள்வோம். ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வடிக்கலாகாது. எனவே இதன் இருமடங்கு, அதாவது 45. முதுமையில் வரும் தளர்ச்சிக்கும் சிறிது விட்டுக் கணித்தால் 60 அம்பியர்-மணிப் பற்றரி இவ்வீட்டுக்குப் போதும்.

இந்த இடத்திற் கடைக்காரர் குறுக்கிட்டு, “அறுபது எதற்கு? நூற்றைம்பதாகவே எடுத்துக்கொண்டு போங்கள். பெரிது நெடுநாள் உழைக்குமல்லவா?” என்று சொல்லக்கூடும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனாற் பற்றரி மின்சாரத்தை விளைவிப்பதில்லை. அது நெற்களஞ்சியம் போன்றது. வயல் சிறிதாயிருக்கக் களஞ்சியத்தை மட்டும் பெரிதாக்குவதால் நெல் கூடுமா? சிறு வீடுகளிற் காணப்படும் 50 உவாற்றுப் பலகை, உச்சி வெயிலில் ஏறத்தாழ 3 அம்பியர் மின்னோட்டமே தருகின்றது. ஈயப் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கேனும் மின்னேற்றும் ஓட்டம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு கிடைப்பின் இன்னும் நன்று. 60 அம்பியர்-மணிக்கு 3 அம்பியர் என்பதே இந்தக் கீழெல்லை. 150க்கு அது ஐம்பதில் ஒரு பங்காகின்றது. அப்பற்றரி என்றைக்கும் முழுமையாக நிரம்புவதில்லை. குறைவயிற்றோடு கிடக்கும் ஈயத்தகடுகளில் ஈயச் சல்பேற்று மெல்லமெல்லக் கடினமான படிகமாக இறுகுகின்றது. இறுகியபின் அதனைக் கரைப்பது அரிது. வறியவரின் பணம் மிகுதியாக வீணாவது இந்தப் ‘பெரிய பற்றரி’ ஆசையினாலேதான் என்பது என் எண்ணம்.

அந்த 50 உவாற்றுப் பலகையும் மேற்சொன்ன வீட்டுக்கு மட்டாகவே போதும் என்பதையும் மறைக்கக்கூடாது. நாளொன்றுக்கு நான்கு மணிநேர முழுவெயில் எனக் கொண்டு, வழியிலாகும் இழப்புகளையும் கழித்தால், அது தருவது 140 உவாற்று-மணியே. செலவு 136. மழைநாளிற் பட்ட கடனை அடைக்க மீதி ஒன்றுமில்லை. இலுக்கும்புரப் பக்கத்தில் வாழ்பவர், கையில் உள்ள பணத்தைப் பெரிய பற்றரிக்குக் கொடாமல் 80 அல்லது 100 உவாற்றுப் பலகைக்குக் கொடுப்பாராயின் அது அறிவுடைமை.

கொள்ளளவைப் பற்றிப் பேசும்போது ஒரு நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். பெட்டியின்மேல் 100 அம்பியர்-மணி என்று மட்டும் அச்சிட்டிருந்தாற் போதாது. எத்தனை மணிநேரத்தில் வடித்து அளந்தார்கள் என்பதும் இருக்கவேண்டும். ‘சி 10’ என்றாற் பத்து மணிநேரம். ‘சி 20’ என்றால் இருபது. ‘சி 100’ என்றால் நூறு. மெல்ல வடித்தால் ஈயப் பற்றரி கூடுதலாகத் தரும். ஆகவே சி 100இல் 100 என்று எழுதப்பட்டது, சி 10இல் 100 என்று எழுதப்பட்டதைவிடச் சிறியது. கார் பற்றரியிலோ குளிர்நிலைத் தொடக்க ஓட்டம் என்ற பெரிய எண் ஒன்றும் காணப்படும்; விளக்கெரிப்பவருக்கு அதனாற் பயனில்லை. உற்பத்தித் திகதியையும் கேளுங்கள். ஈயப் பற்றரி கடைத் தட்டில் இருக்கும்போதே தானாக வடிகின்றது. ஓராண்டு மின்னேற்றப்படாமற் கிடந்த ‘புதிய’ பற்றரி பாதி முதியது.

இப்போது இலிதியத்துக்கு வருவோம். ஈயப் பற்றரியை 1859இல் பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். சூரிய மின்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் இலிதியம் இரும்புப் பொசுபேற்று என்னும் வகை குழந்தையே. 1997இல் ஜோன் குட்இனஃப் என்ற அறிஞரின் குழுவினர் அதனை வெளியிட்டனர். இலிதியம் மின்கலங்களுக்காக அவர் 2019இல் தமது 97ஆம் வயதில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வகைக் கலம் 3.2 வோல்ற்று அளவானது. நான்கைத் தொடுத்தால் 12.8. இதன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம். ஆகவே நமது கணக்கிலுள்ள வீட்டுக்கு 30 அம்பியர்-மணி போதும். இரண்டாயிரம் முறைக்கு மேல் வடித்து நிரப்பலாம். அரைகுறையாக நிரம்பிக் கிடப்பதால் இதற்குக் கேடில்லை என்பதே மலைப்பகுதி மக்களுக்கு இதன் தலையாய சிறப்பு. ஈயப் பற்றரியைக் கொல்லும் அந்தப் பசி இதனைத் தீண்டுவதில்லை. சுமையையும் எண்ணிப்பாருங்கள்: 60 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 15 கிலோவுக்கு மேல் நிறுக்கும், 30 அம்பியர்-மணி இலிதியம் நான்கு கிலோவளவே. தெருவிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டிய வீட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

விலை கூடுதல் என்பது உண்மையே. ஆனால் விலையை மட்டும் ஒப்பிடுவது முறையாகாது. எத்தனை இரவுக்கு அந்த விலை என்று வகுத்துப் பார்க்கவேண்டும். ஈயத்தின் இருமடங்கு விலையில் இருமடங்கு இரவுகள் கிடைத்தால் இரண்டும் சமம். அதற்குமேற் கிடைப்பதெல்லாம் இலாபம். கையிற் பணமில்லாதவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது என்பதையும் அறிவேன். அவர் நல்ல டியூபியுலர் ஈயப் பற்றரியை வாங்கிப் பேணுவாராக, அதிற் குறையொன்றுமில்லை. பழைய கருவிகளிலிருந்து பிடுங்கிய கலங்களைச் சேர்த்து நெகிழித் தாள் சுற்றி, பெயரும் உறுதிச்சீட்டும் இல்லாமல் மலிவாக விற்கப்படும் இலிதியப் பொதிகளை மட்டும் வாங்கலாகாது. பாதுகாப்புச் சுற்று இல்லாத இலிதியம் வீட்டுக்குள் வைக்கத் தக்கதன்று.

இலிதியத்துக்கு மாறுபவர், பலகைக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள ‘சார்ஜ் கொன்ட்ரோலர்’ என்னும் கட்டுப்படுத்தியை மறக்கக்கூடாது. பழைய கட்டுப்படுத்தி ஈயத்துக்கென்று அமைக்கப்பட்டது. சில வகைகள், கலங்களைச் சமப்படுத்துவதற்காக இடையிடையே 15 வோல்ற்று வரை ஏற்றும். இலிதியத்துக்கு 14.6 வோல்ற்றே மேலெல்லை. அதனைக் கடந்தாற் பற்றரியின் பாதுகாப்புச் சுற்றுத் தொடர்பைத் துண்டித்துவிடும். ஆகவே இலிதியத்துக்குரிய அமைவு உள்ளதா என்று பார்த்து, இல்லையெனிற் கட்டுப்படுத்தியையும் மாற்றவேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கிற் சேர்க்கவேண்டும். இலிதியத்தின் அழுத்தம் ஏறக்குறைய இறுதிவரை ஒரே சீராக நிற்பதால், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் பழைய அடையாள விளக்குகளை நம்பவும் இயலாது.

ஈயமோ இலிதியமோ, கட்டுப்படுத்தி இரவில் மின்னை நிறுத்தும்போது, நாடகம் முடியவில்லையே என்று தொலைக்காட்சிக் கம்பியை நேரே பற்றரியின் முனைகளிற் பொருத்தும் பழக்கத்தை விட்டொழிக்கவேண்டும். வடிந்தது போதும் என்று காவலன் கதவடைத்த பின்னர், சுவரைத் துளைத்து எடுப்பதற்கு ஒப்பானது அது.

யானை வேலியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் விடமுடியாது. வில்கமுவ, கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளில் ஒரு பற்றரியின் நலிவு, ஒரு போகத்து விளைச்சலின் இழப்பாகவோ ஓர் உயிரின் இழப்பாகவோ முடியக்கூடும். வேலிக்கு உயிரூட்டும் கருவி, விநாடிக்கு ஒருமுறை அளவில், பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில், கணப்பொழுதே நீடிக்கும் துடிப்புகளை அனுப்புகின்றது. அதிர்ச்சி தரும், கொல்லாது. விளக்கைப்போல் அது நான்கு மணிநேரம் மட்டும் வேலை செய்வதில்லை. சராசரியாக அரை அம்பியர் இழுக்கும் கருவி இரவும் பகலுமாக நாளொன்றுக்கு 12 அம்பியர்-மணி உண்ணும். தொடர்ந்து நான்கு நாள் மழை இருண்டாலும் வேலி சாகக்கூடாது என்றால் 48. பாதி வடிப்பு எனக் கொண்டால் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியும், அதற்கேற்ற 80 முதல் 100 உவாற்றுப் பலகையும் வேண்டும். வீட்டுக்குச் சொன்ன கணக்கை வேலிக்குப் பயன்படுத்தலாகாது. வேலியின் அழுத்தம் தாழ்வதற்குப் பற்றரியே எப்போதும் காரணமுமன்று. மழைக்குப்பின் தழைத்த புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டு மின்னை மண்ணுக்குள் இறக்கிவிடும். கத்தியெடுத்துக் களை வெட்டியபின் அளந்து பாருங்கள். பற்றரி செத்துவிட்டதே என்று வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் ஏற்றுவதோ கொலைக்கு ஒப்பாகும். யானையும் சாகும், அயலவரும் சாவர். அது சட்டத்துக்கும் முரணானது.

வாங்கிய பற்றரியை வைக்கும் இடம் அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. 25 பாகைக்கு மேல் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஈயப் பற்றரியின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகின்றது. தம்புள்ளையிற் தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் வைப்பது அதனைச் சூளையில் வைப்பதற்குச் சமம். நிழலான மூலையிலே, தரையில் ஒரு பலகையிட்டு அதன்மேல் வையுங்கள். மின்னேறும்போது ஈயப் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். ஆதலாற் காற்றோட்டம் வேண்டும், அருகே அடுப்போ குப்பிவிளக்கோ கூடாது. நீர் குறைந்தாற் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். உலர் வலயக் கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். குறைந்தது நீரேயன்றி அமிலமன்று. எனவே அமிலம் ஊற்றவேண்டாம். பழைய பற்றரியோடு புதியதை இணைத்து ‘இரண்டும் சேர்ந்து இழுக்கட்டும்’ என்று விடவும் வேண்டாம். கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டினால் இரண்டும் கெடும்.

எஞ்சியிருப்பது அந்தப் பழைய பற்றரி. ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கவென்று அதனை முற்றத்தில் உடைப்பது பெருந்தீங்கு. ஈயத் தூசும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. மண்ணிற் கலந்த ஈயம் எளிதில் நீங்காது. அமிலத்தை ஓடையிற் கொட்டுவதும் அத்தகையதே. மூடிகளை இறுக்கி, சரியாமல் நிமிர்த்தி வைத்துக் கட்டி, புதியது வாங்கப் போகும் அதே பயணத்தில் அதனையும் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய ஈயத்துக்கு எடைக்கேற்ற விலை உண்டு. புதியதன் விலையைப் பேசுமுன் அதனைத் தராசில் வைத்து நிறுக்கச் சொல்லி, அத்தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.